அட் தி ரேட்: ஒரு சுழி ஊர்சுற்றிய கதை

போன வாரம் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், ஏதோ பென்ஷன் தாளை மகளுக்கு மெயிலில் அனுப்ப வந்தவர். "ஐடி சொல்லுங்கய்யா" என்றான் கடைப் பையன். அவர் சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து எழுத்து எழுத்தாக வாசித்தார். பாதி தூரம் வந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அட் தி ரேட் ஆஃப்" என்றார். பையன் ஷிஃப்ட்டையும் 2-ஐயும் சேர்த்துத் தட்டினான். கடைசியில் அதே பையன் ஒரு துண்டுத் தாளில் "4 @ 10 = 40" என்று கிறுக்கி நீட்டினான். நாலு கலர் பிரிண்ட், ஒன்று பத்து ரூபாய். ஒரே மேசை, ஒரே குறி, இரண்டு வேலை.

அமெரிக்கர்கள் இதை வெறும் 'அட்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாம்தான் 'அட் தி ரேட்' என்று நீட்டி முழக்குகிறோம். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அந்தப் பெரியவர் கட்சி. கணக்குப் புத்தகத்தில் இந்தக் குறிக்கு இருந்த பழைய பெயர் அதுதான். நாம் அதை விடாமல் வைத்திருக்கிறோம், அவ்வளவே.

சுழியின் பூர்வீகம் சரியாகப் பிடிபடுவதில்லை. பல்கேரிய மொழிக்குப் போன ஒரு வரலாற்று நூலின், 1345 வாக்கில் எழுதிய பிரதி வாடிகனில் இருக்கிறது. அதில் 'ஆமென்' என்ற சொல்லின் முதல் எழுத்தை எழுதியவர் இப்படிச் சுழித்து வைத்திருக்கிறார். அது வெறும் கைவண்ணமாகவும் இருக்கலாம். வியாபாரம் என்று பார்த்தால் 1448: ஸ்பெயினில் காஸ்டீலிலிருந்து அரகோனுக்குப் போன கோதுமையைப் பதிந்த ஏட்டில் இதே குறி, 'அரோபா' என்ற எடைக்காக நிற்கிறது. 1536-இல் பிரான்செஸ்கோ லாப்பி என்ற பிளாரன்ஸ் வியாபாரி செவில்லிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் அது மது நிரப்பும் மண் ஜாடியான 'ஆம்போரா'வைக் குறிக்கிறது. ஒருவருக்கு எடை, இன்னொருவருக்கு ஜாடி.

அரோபா என்பது அரபியிலிருந்து வந்த சொல். 'அர்-ருப்' என்றால் கால் பங்கு. காஸ்டீலில் ஓர் அரோபாவுக்கு 25 பவுண்டு, நம் கணக்கில் சுமார் பதினொன்றரைக் கிலோ. போர்த்துகலிலோ 32 'அர்ராத்தெல்' சேர்ந்தால் ஓர் அரோபா. அர்ராத்தெல் என்ற பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் கடைக்குப் போய் "ஒரு ராத்தல் பாண்" என்று கேட்கிறார்களே, அதே ராத்தல். அதுவும் அரபியின் 'ரத்ல்' வழி வந்ததுதான். பாண் போர்த்துகீசியரின் ரொட்டி. மெயில் முகவரியின் நடுவில் இருக்கும் சுழிக்கும் யாழ்ப்பாணத்துக் காலைச் சாப்பாட்டுக்கும் இப்படி ஒரு பங்காளி முறை.

எடையைக் குறித்தது எப்படி விலைக்கு மாறியது? லத்தீனின் 'அத்' சுருங்கியது என்று ஒரு கட்சி, பிரெஞ்சுக்காரர் 'அ' மேல் போடும் கோடு சுழன்று வட்டமானது என்று இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆங்கில வணிகர்களின் பேரேட்டில் மட்டும் அதற்கு ஒரே பொருள்: ஒன்று இந்த விலை வீதம். அந்தப் பேரேட்டுப் பழக்கம் அவர்களோடு இங்கேயும் வந்து இறங்கியது.

நம் கணக்கர்களுக்கும் சொந்தமாகக் குறிகள் இருந்தன. வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸. எல்லாம் 2003-இல் யூனிகோடில் ஏறிவிட்டன. ஆனால் உங்கள் கைப்பேசியில் ௸ எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

@-உம் அந்தக் கதிக்கு ஆளாகியிருக்க வேண்டியதுதான். முதல் தட்டச்சு இயந்திரங்களில் அதற்கு இடமில்லை. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயன்பட்ட துளை அட்டை முறையிலும் இல்லை. பிறகு வணிகக் கடிதங்களின் தயவில் தட்டச்சுப் பலகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. 1963-இல் அமெரிக்கர்கள் கணினி எழுத்துகளுக்கு ஆஸ்கி என்ற பொது எண் வரிசை வகுத்தபோது 64-ஆம் எண் அதற்குக் கிடைத்தது, 'ஏ'வுக்கு நேர் முந்தைய நாற்காலி. 1965-இல் ஒரு வரைவு அங்கிருந்தும் கிளப்பி வேறு இடத்தில் போட்டது. அந்த வரைவு வெளிவரவே இல்லை. 1967-இல் பழைய இடமே திரும்பக் கிடைத்தது.

1971. மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் ஊர், பிபிஎன் நிறுவனம். ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் முன்னால் இரண்டு பெரிய கணினிகள் பக்கத்துப் பக்கத்தில். ஒரே கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்குள் செய்தி விட்டுவைக்க ஒரு நிரல் ஏற்கெனவே இருந்தது. கோப்பை வேறு கணினிக்கு அனுப்ப இன்னொரு நிரல் இருந்தது. இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டார். யாரும் அவரிடம் கேட்ட வேலை இல்லை அது. ஆள் பேரையும் கணினியின் பேரையும் பிரிக்க ஒரு குறி வேண்டும். எந்த மனிதர் பேரிலும் வராததாக இருக்க வேண்டும். டெலிடைப் பலகையைப் பார்த்தார். வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தது சுழி. போதாததற்கு, 'இன்ன இடத்தில்' என்ற பொருளும் ஆங்கிலத்தில் தானாகப் பொருந்தியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே, ஆர்ப்பாநெட் என்ற கணினி வலையமைப்பு வழியாக, முதல் கடிதம் போனது. அதில் என்ன எழுதினார் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

எல்லோருக்கும் இது உவக்கவில்லை. மல்டிக்ஸ் என்ற கணினி இயக்க அமைப்பில் வேலை செய்தவர்களுக்கு @ என்றால் 'அடித்த வரியை அழி' என்று பொருள். பாவம், முகவரியைப் பாதி அடித்ததும் வரியே காணாமல் போகும்! அவர்கள் தங்கள் பக்கத்தில் 'அட்' என்று எழுத்தாலேயே எழுதினார்கள். 1977-இன் மெயில் விதிமுறை இரண்டையும் அனுமதித்தது. 1982-இல் வந்த விதிமுறையில் சுழி மட்டும் மிஞ்சியது.

அதன்பின் அது போகாத ஊரில்லை. போன ஊரெல்லாம் அதன் உருவத்தைப் பார்த்துப் பேர் வைத்தது. இத்தாலியருக்கு நத்தை. டச்சுக்காரருக்குக் குரங்கு வால். டேனிஷ்காரருக்குத் தும்பிக்கை. ரஷ்யருக்கு நாய், ஹங்கேரியருக்குப் புழு, கிரேக்கருக்கு வாத்துக்குஞ்சு, தைவானில் குட்டி எலி. செக் நாட்டார் ஒருபடி மேலே போய், ஊறவைத்துச் சுருட்டிய மீன் துண்டு என்றார்கள். நம் ஊரில் மிருகம் எதுவும் சிக்கவில்லை, கணக்குப்பிள்ளைதான் சிக்கினார். ஸ்பெயின்காரர்களுக்குப் பேர் வைக்கும் சிரமமே இல்லை. அவர்கள் இன்றும் இதை அரோபா என்றே சொல்கிறார்கள், கோதுமை மூட்டை ஞாபகத்தில்.

2004-இல் தந்தி மொழியான மோர்ஸிலும் அதைச் சேர்த்தார்கள், 'ஏ'யையும் 'சி'யையும் இடைவெளி விடாமல் தட்டினால் @. அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 2013-இல், இந்தியாவில் தந்தியே நிறுத்தப்பட்டது. 2010-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் @-ஐச் சேர்த்தது. யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2006-இல் ட்விட்டர் வந்தது. யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று காட்ட, பயன்படுத்துகிறவர்களே பேருக்கு முன்னால் சுழியை ஒட்ட ஆரம்பித்தார்கள். நிறுவனம் அதைப் பார்த்துப் பிறகு தன்னுடையதாக்கிக்கொண்டது. விலையைச் சொன்ன குறி, டாம்லின்சன் கையில் இடத்தைச் சொன்னது. இப்போது ஆளைக் கூப்பிடுகிறது.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் நேற்று, "@பெரியப்பா, கல்யாணத்துக்கு எத்தனை டிக்கெட் போடட்டும்?" என்று கேட்டேன். வாட்ஸாப்பில் ஒரு வினோதம் உண்டு. அவரவர் போனில் அந்த ஆளை எந்தப் பேரில் பதிந்திருக்கிறார்களோ அந்தப் பேரில்தான் சுழி கூப்பிடும். என் கேள்வி அப்பாவின் திரையில் "@அண்ணன்" என்று விழுந்தது, அம்மாவின் திரையில் "@பெரிய அத்தான்", என் தங்கை மகன் திரையில் "@பெரிய தாத்தா". மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் இன்னும் பார்க்கவில்லை.