லாஸ் காட் ரோடும் ஜெர்மன்காரன் காரும்

நம்ம ஊர்ல கார்னு சொன்னா ரெண்டே கேள்விதான். மைலேஜ் எவ்ளோ? வித்தா எவ்ளோ போகும்? இந்த ரெண்டையும் கேக்காத ஒரு கூட்டம் இருக்குங்க. விடிகாலை 4 மணிக்கு மதுரையிலேர்ந்தோ கோயமுத்தூர்லேர்ந்தோ கிளம்பி, கொடைக்கானல் போய் ஒரு காபி குடிச்சிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவாங்க. ஏரியில படகு கிடையாது, பைன் காட்டுல போட்டோ கிடையாது. "அப்புறம் எதுக்குய்யா அவ்ளோ தூரம் போறீங்க?"ன்னு கேட்டா, "ரோட்டுக்கு"ன்னு பதில் வரும். அவங்க ஓட்டற வண்டி பெரும்பாலும் ஜெர்மன் வண்டியாத்தான் இருக்கும். போலோ, வென்டோ, 3 சீரிஸ், கொஞ்சம் வசதி இருந்தா போர்ஷே.

அது ஏன் ஜெர்மன் வண்டி, ஏன் மலை ரோடு? யோசிச்சுப் பாத்தா இதுக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷக் கதை இருக்கு. அதைத்தான் இங்க சொல்லப் போறேன்.

முதல்ல ரோடு. 1845ல அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல்ல முதல் பங்களாக்களைக் கட்டினப்போ மேல போக ரோடே கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்புலேர்ந்து ஒத்தையடிப் பாதை. குதிரை, இல்லேன்னா ஆள் தூக்கற நாற்காலி. 1875ல அம்மையநாயக்கனூருக்கு (இப்போ கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்) ரயில் வந்த பிறகும் கதை அதேதான். ஸ்டேஷன்ல இறங்கி, மாட்டு வண்டியில தோப்பு வரைக்கும் வந்து, அப்புறம் மலை ஏறணும். வத்தலக்குண்டு பக்கத்திலேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு ஏறற ரோட்டுக்கு மேஜர் லா அப்படிங்கற எஞ்சினியரோட பேரு இருக்கு. லாஸ் காட் ரோடு. 1910கள்ல அது மோட்டார் வண்டிக்குத் தயாராச்சு.

ஒரு கணக்குப் பாருங்க. வத்தலக்குண்டு கடல் மட்டத்திலேர்ந்து சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, சில்வர் கேஸ்கேட்னு போற அந்த ஒரு ஏத்தத்துல 1,800 மீட்டர் ஏறிடறோம். ஜெர்மனியோட புகழ்பெற்ற நூர்பர்க்ரிங் ரேஸ் பாதை இருக்கே, அதுல உயர வித்தியாசம் சுமார் 300 மீட்டர்தான். நம்ம ரோடு ஆறு மடங்கு! :-)

இப்போ ஜெர்மன்காரங்க பக்கம் போவோம். ஸ்போர்ட்ஸ் கார்னா அவங்க ஊர் ஆட்டோபான்ல 200ல பறக்கறதுக்குன்னு நாம நினைக்கிறோம். அது பாதிக் கதை. மீதிப் பாதி மலையில இருக்கு. 1925லயே பிரைபர்க் நகரத்துக்குப் பக்கத்துல ஷாவின்ஸ்லாந்துங்கற மலையில சுமார் 12 கிலோமீட்டர் ஏத்தத்துல கார் ரேஸ் ஆரம்பிச்சாங்க. 1927ல ஐபல் மலைக்காட்டுக்குள்ள நூர்பர்க்ரிங் திறந்தாங்க. 1930கள்ல ஆட்டோ யூனியன் கார் ஓட்டின ஹான்ஸ் ஸ்டக்கை 'மலை ராஜா'ன்னே கூப்பிட்டாங்க. போர்ஷே பேரைத் தாங்கின முதல் கார் 1948ல பிறந்தது ஜெர்மனியில கூட இல்ல. ஆஸ்திரியாவுல ஆல்ப்ஸ் மலைக்குள்ள இருக்கற க்முண்ட்ங்கற சின்ன ஊர்ல. அதே கம்பெனி 1968ல மலை ஏத்த ரேஸுக்குன்னே ஒரு வண்டி செஞ்சது. எடை சுமார் 400 கிலோதான்.

மலை ரோடு என்ன கேக்கும்? அதிகபட்ச வேகத்தைக் கேக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பின உடனே முன்பக்கம் கீழ்ப்படியணும். வளைவுல உடம்பு சாயலாம், வண்டி ரொம்ப சாயக்கூடாது. இறங்கும்போது பத்தாவது வளைவுலயும் பிரேக் முதல் வளைவு மாதிரியே பிடிக்கணும். ரெண்டாவது கியர்ல ஏத்தம் ஏறும்போது எஞ்சின் முக்கக்கூடாது. ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்கள்ல ஓட்டறவங்க சிலாகிக்கற குணமெல்லாம் இதேதான். பெருமாள்மலைக்கு மேல அந்தக் கார் சொந்த ஊருக்கு வந்த மாதிரி நடந்துக்கறதுல ஆச்சரியமே இல்லை.

காத்து விஷயமும் இருக்கு. 2,100 மீட்டர்ல காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சுடும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். அந்தக் காலத்துல அம்பாசடர்ல நாலு பேரோட கொடைக்கானல் போனவங்களைக் கேட்டுப் பாருங்க, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தின கதை கண்டிப்பா வரும். டர்போ எஞ்சின் காத்தை அழுத்தி உள்ளே அனுப்பறதால இழப்புல பெரும்பகுதியை ஈடு கட்டிடும். ரோட்டுல ஓடற கார்களுக்கு டர்போவைக் கொண்டு வந்த முன்னோடிகள்ல ஜெர்மன்காரங்க முக்கியமானவங்க. பி.எம்.டபிள்யூ 2002 டர்போ 1973ல வந்தது. போர்ஷே 911 டர்போ 1974ல.

சரி, நம்ம ஆளுங்க கதைக்கு வருவோம். பழனி மலைக்கும் மோட்டார் பைத்தியத்துக்கும் முடிச்சுப் போடணும்னா ஜி.டி. நாயுடுவிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். 1893ல கலங்கல்ல பிறந்தவர். 1920ல ஒரு பஸ் வாங்கி, அதை அவரே ஓட்டினார். எந்த ரூட் தெரியுமா? பொள்ளாச்சி - பழனி. தெற்கே ஆனைமலையும் பழனி மலையும் கூடவே வர்ற ரோடு அது. அந்த ஒத்தை பஸ்தான் பின்னாடி யு.எம்.எஸ். ஆச்சு.

நாயுடுவுக்கும் ஜெர்மனிக்கும் நல்ல ஒட்டுதல். 1930கள்ல அங்கே போனார். அவர் கண்டுபிடிச்ச சவர ரேசருக்கான குட்டி மோட்டார் ஹைல்பிரான் நகரத்துல தயாராச்சு. அந்த ஹைல்பிரானுக்குப் பக்கத்து ஊர் நெக்கார்சுல்ம். ஆடி ஆர்8ங்கற ஸ்போர்ட்ஸ் கார் 2024 வரைக்கும் அந்த வட்டாரத்துலதான் உருவாச்சு. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாம இருக்க முடியல.

1952ல நாயுடு ரெண்டு பேர் உக்கார்ற பெட்ரோல் கார் ஒண்ணு செஞ்சார். விலை 2,000 ரூபாய். சர்க்கார் லைசென்ஸ் தரல, கதை அங்கேயே முடிஞ்சது. அதே வருஷங்கள்ல ஜெர்மனியில வோல்க்ஸ்வாகன் பீட்டில் லட்சக்கணக்குல வெளிய வந்துட்டிருந்தது. சாமானியனுக்கு ஒரு குட்டிக் காருங்கற ஒரே யோசனை அங்கே ஒரு தேசத்தையே தூக்கி நிறுத்திச்சு, இங்கே ஒரு பைலுக்குள்ள செத்துப் போச்சு. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதுக்கப்புறம் நாப்பது வருஷம் பஞ்சம். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அம்பாசடர், பியட், நம்ம சென்னையில தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இதுல எதையாவது எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. தூதரகக்காரங்க ஓட்டிட்டு விட்டுட்டுப் போன வண்டிகளை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமா விப்பாங்க. அப்படி வந்த பென்ஸும் பீட்டிலும்தான் தமிழ்நாட்டு ரோட்டுல அபூர்வமா கண்ணுல பட்ட ஜெர்மன் வண்டிகள். உதிரி பாகம் கிடைக்காது. பட்டறைக்காரர் லேத்துல கடைஞ்சு குடுத்தாத்தான் உண்டு. அப்படியும் வெச்சிருந்தாங்கன்னா அது வசதி மட்டும் இல்லீங்க, பிடிவாதம்.

கார் இல்லாத ஊர்ல கார் ஆசை எப்படி உயிரோட இருந்தது? சொந்தமா செஞ்சுக்கிட்டாங்க. சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே ரேஸ் டிராக் ஆக்கிடுச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டையில ஒழுங்கான டிராக் வந்தது. கோயமுத்தூர்ல லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை கரிவரதன், மாருதி 800 எஞ்சினைப் பின்னாடி மாட்டி பார்முலா மாருதின்னு ரேஸ் கார் செஞ்சார். 2005ல பார்முலா 1 வரைக்கும் போன நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்துல ஓட்டினது அந்த வண்டிதான். கரிவரதன் 1995ல, நாப்பத்தொரு வயசுல இறந்துட்டார். 2003ல செட்டிப்பாளையத்துல திறந்த டிராக்குக்கு அவர் பேர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே.

பஞ்சம் 90கள்ல தீர ஆரம்பிச்சது. மெர்சிடிஸ் பென்ஸ் 1994ல புனேயில கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1996ல ஓப்பல் அஸ்ட்ரா. 2004ல ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இது செக் நாட்டு பாஸ்போர்ட், ஆனா உள்ளே இருந்த 1.8 லிட்டர் டர்போ வோல்க்ஸ்வாகன் ரத்தம். 150 குதிரை சக்தி. நடுத்தர வர்க்கத்து ஆள் எட்டிப் புடிக்கக்கூடிய முதல் ஜெர்மன் வேகம் அதுதான்னு சொல்வேன். அப்புறம் 2007 மார்ச்சுல பி.எம்.டபிள்யூ தொழிற்சாலையே செங்கல்பட்டுக்குப் பக்கத்துல மகேந்திரா வேர்ல்ட் சிட்டிக்கு வந்துடுச்சு. முதல்ல 3 சீரிஸும் 5 சீரிஸும். பவேரியாக்காரன் வண்டி சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து வெளிய வருதுன்னு சொன்னா நாயுடு எவ்ளோ ரசிச்சிருப்பார்!

ஆனா மலை ரோட்டுக் கூட்டத்தை உண்மையில பெருசாக்கினது பி.எம்.டபிள்யூ இல்லை, 2010ல வந்த போலோதான். அதே வருஷம் போலோ கப் ரேஸும் ஆரம்பிச்சாங்க. சென்னை, கோயமுத்தூர் டிராக்குகள்ல அது ஓடிச்சு. 2013ல 105 குதிரை சக்தியோட போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வந்தது. இந்த நம்பரைப் பாத்து யாரும் மயங்க மாட்டாங்க. ஆனா 1976ல விற்பனைக்கு வந்து உலகத்தையே மாத்தின கோல்ப் ஜி.டி.ஐ.யோட சக்தியே 110தான்! சில எஞ்சினியர்கள் சொந்த ஆர்வத்துல ஆரம்பிச்ச வண்டி அது. மொத்தமா 5,000 செஞ்சாப் போதும்னு கம்பெனி நினைச்சது. முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல போச்சு. சின்ன வண்டி, குறைஞ்ச எடை, போதுமான சக்தி, நல்ல சஸ்பென்ஷன். அந்தச் சூத்திரத்துக்கும் நம்ம மலை ரோட்டுக்கும் பொருத்தம் பாத்தா பத்துக்குப் பத்து.

போலோவை 2022ல நிறுத்திட்டாங்க. இன்னிக்கும் நல்ல கண்டிஷன்ல இருக்கற ஜி.டி.யை வெச்சிருக்கறவங்க விக்க மனசு வராம வெச்சிருக்காங்க. 2025ல கோல்ப் ஜி.டி.ஐ. இங்கே வந்தது, ஆனா அரை கோடி ரூபாய்க்கு மேல. அது வேற உலகம்.

இனி சொல்ல வர்ற விஷயம் கொஞ்சம் கசப்பு.

வண்டி வந்து சேர்ந்த நேரத்துல மலை நிரம்பிடுச்சு. கொடைக்கானல்லேர்ந்து மூணாறுக்கு 'எஸ்கேப் ரோடு'ன்னு ஒண்ணு இருந்தது. ஜப்பான்காரன் வந்துட்டா தப்பிச்சுப் போகன்னு உலகப்போர் சமயத்துல தயார் பண்ணி வெச்சது. 8,000 அடிக்கு மேல ஏறற ரோடு. 1990ல மூடிட்டாங்க, இப்போ காட்டுக்குத்தான் சொந்தம். 2013ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சாங்க. 2024 மே மாசம் ஐகோர்ட் உத்தரவுல ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்குள்ள வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு வரம்பே போட்டாங்க.

கார் ஆர்வலர்கள் பல பேர் இதுக்குக் கோபப்பட்டாங்க. எனக்கு அந்தக் கோபம் வரல. அந்த ரோட்டுல காய்கறி லாரி போகுது, பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஓரமா நடக்கறாங்க, பண்ணைக்காட்டுலேர்ந்து கர்ப்பிணியை ஏத்திக்கிட்டு ஆம்புலன்ஸ் இறங்குது. அங்கே ஸ்டாப் வாட்ச் வெச்சு ஓட்டறவன் கார் ரசிகன் இல்லை. ஷாவின்ஸ்லாந்து மலையில ரேஸ் நடந்தப்போ ரோட்டை அடைச்சிட்டுத்தான் நடத்தினாங்க. வேகம் வேணுமா, இருங்காட்டுக்கோட்டை இருக்கு, செட்டிப்பாளையம் இருக்கு. அதுக்குத்தானே அந்த மனுஷங்க உயிரைக் குடுத்து உண்டாக்கினாங்க?

மலையில கிடைக்கறது வேற சுகம். 40ல போனாக்கூட வளைவுக்கு முன்னாடி சரியான கியர்ல இருந்து, பிரேக்கை முன்கூட்டியே முடிச்சு, ஸ்டியரிங்கை ஒரே தடவைல திருப்பி வெளிய வரும்போது உள்ளங்கையில தெரியும் பாருங்க, அதுக்கு வேகம் தேவையே இல்லை. ஏறி வர்ற வண்டிக்கு இறங்கறவன் வழி விடணும்ங்கறது சட்டம். எஞ்சின் பிரேக்கிங்ல இறங்கணும்ங்கறது அனுபவம். ரெண்டையும் மதிக்கிறவன் 105 குதிரையை வெச்சே ராஜா மாதிரி இறங்கி வரலாம்.

ஒரு வேண்டுகோள். பஞ்ச காலத்துல பீட்டிலும் பழைய பென்ஸும் வெச்சிருந்தவங்க, அதுங்களுக்கு லேத்துல உதிரி பாகம் கடைஞ்சு குடுத்த பட்டறைக்காரங்க, இவங்க கதையை யாரும் எழுதி வெக்கல. டி.எஸ்.ஐ., டி.டி.ஐ. பத்தியெல்லாம் பக்கம் பக்கமா இருக்கு, இவங்களைப் பத்தி ஒரு பக்கம் கூட இல்லை. உங்க வீட்டுலயோ தெருவுலயோ அப்படி ஒரு தாத்தா இருந்தா, இந்த லீவுலயே உக்கார்ந்து கேட்டு எழுதிடுங்க. ஆல்பத்துல அந்த வண்டி பக்கத்துல நிக்கற போட்டோ இருந்தா ஸ்கேன் பண்ணிடுங்க. காட் ரோட்டுல எங்க நிறுத்தித் தண்ணி ஊத்துவாங்கன்னு கேக்க மறந்துடாதீங்க :-)