எங்கே போயிற்று நேரம்?

ஒரு நிரல் எத்தனை நொடியில் ஓடி முடிந்தது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். அந்த நொடிகள் அதன் எந்த மூலையில் செலவாயின என்று காட்டவே புரொஃபைலர் என்னும் கருவி பிறந்தது. ஃபோர்ட்ரான் நிரல்களைச் சோதித்த டொனால்ட் குனூத், நூற்றில் நான்கு பங்குக்கும் குறைந்த பகுதியே பொதுவாக ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று 1971-ல் எழுதியது முதல், அந்தச் சிறு பங்கைத் தேடுவதே இத்துறையின் பிரதான காரியமாயிற்று.

ஆனால் ஜாவாவில் அளப்பதே கடினமாயிற்று. 1999-ல் ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஹாட்ஸ்பாட் என்ற ஜாவா இயந்திரம், ஓடுகிற நிரலைத் தானே கவனித்து, அடிக்கடி அழைக்கப்படும் மெதட்டுகளை ஓட்டத்தின் நடுவிலேயே இயந்திர மொழிக்கு மாற்றியது. ஆகவே முதற் சுற்றுகளில் கண்ட வேகம் லட்சமாவது சுற்றில் இராது. ஒரு கணக்கின் விடை எங்கும் உபயோகமாகவில்லை என்று, அப்படி மாற்றித் தரும் கம்பைலர் அறிந்தால் கணக்கையே நீக்கிவிடும். அளந்தவரோ வெறும் லூப்பை அளந்துவிட்டுத் தம் நிரலின் வேகத்தை மெச்சிக்கொண்டிருப்பார்.

சரி, புரொஃபைலரையாவது நம்பலாமா? 2010-ல் மிட்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி ஆகிய ஆய்வாளர் நால்வர், பிரசித்தமான நான்கு ஜாவா புரொஃபைலர்களை ஒரே நிரலின்மீது ஏவிப் பார்த்தபோது, அதிக நேரம் தின்னும் மெதட் எது என்பதில் அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இயந்திரம் நிரலைப் பத்திரமாக நிறுத்தக்கூடிய சேஃப்பாயிண்ட் என்ற இடங்களில் மட்டுமே, எது ஓடுகிறது என்று அவை அவ்வப்போது பார்த்து மாதிரி எடுத்ததும், அவ்விடங்கள் எங்கெங்கே அமைவது என்பதைக் கம்பைலரே தீர்மானித்ததுமே காரணம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற பழமொழி இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் விளங்கியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

2013-ல் அலெக்ஸி ஷிப்பிலியோவின் உழைப்பால் ஓப்பன்ஜேடிகே வழியே வெளிவந்த ஜேஎம்எச் என்ற வேகம் அளக்கும் கருவி, ஒவ்வொரு சோதனையையும் புதிய ஜாவா இயந்திரத்தில் தொடங்கி, முதலில் சூடேற்றி, விடைகளைக் கருந்துளை என்ற பெயருள்ள பொருளுக்குள் செலுத்திக் கம்பைலர் நீக்காதபடி காத்தது. அதனினும் மேலான உபகாரமாக நான் கருதுவது, புரொஃபைலரையும் அது கூடவே இணைத்துக்கொண்டதுதான்: லினக்ஸில் அதன் பெர்ஃப்அஸம், நேரம் செலவான இயந்திரக் கட்டளைகளையே வரிவரியாகக் காட்டிவிடும். 2016-ல் ஆந்திரேய் பாங்கின் படைத்த அஸிங்க்-புரொஃபைலர், சேஃப்பாயிண்டுக்குக் காத்திராமல் மாதிரி எடுத்தது.

மிட்கோவிச் குழுவினர் சோதித்த நான்கு புரொஃபைலர்களில் ஒன்றான எச்புரோஃப், 2017-ல் ஜாவா 9 வந்தபோது விலக்கப்பட்டது. புரொஃபைலர் எழுத உதவும் ஓர் இடைமுகத்தை விளக்கிக் காட்டும் மாதிரியாகவே அது இயற்றப்பட்டிருந்தது. அதை நம்பியே எத்தனையோ பேர் தங்கள் நிரல்களைத் திருத்தி வந்தார்கள்.