டக்கோட்டாக் கம்பெனிகள்

இந்தியாவில் தனியார் விமானப் போக்குவரத்து 1932 அக்டோபர் 15 அன்று தபால் பைகளோடு தொடங்கியது. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை ஒற்றை என்ஜின் புஸ் மாத் விமானத்தை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துவந்தவர் நெவில் வின்சென்ட். அகமதாபாத்தில் விமானத்துக்கான பெட்ரோல் டின்களில் அடைக்கப்பட்டு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாய் ஜுஹுவில் ஒரு ஓலைக் கொட்டகைதான் நிலையம். கடலோரச் சேற்றுத் தரையே ஓடுபாதை. மழைக்காலத்தில் அதுவும் நீரில் மூழ்கிவிடும் என்பதால் புனேக்கு இடம் மாறவேண்டியிருந்தது. அரசு மானியம் தரவில்லை. இருந்தும் தபால் கட்டணத்தை மட்டுமே நம்பி முதல் ஆண்டில் 60,000 ரூபாய் லாபம் வந்தது. சிக்கனமும் அந்தத் தடத்தில் போட்டியின்மையும் சேர்ந்து தந்த லாபம் அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பட்டறையில், சிப்பாய்கள் உட்கார்ந்த பக்கவாட்டுத் தகர பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு வரிசையாக மெத்தை இருக்கைகள் பொருத்தப்பட்டன. உள்சுவருக்குப் புதுப் பூச்சும் உறையும் கிடைத்தன. இரண்டு என்ஜின், இருபது பேருக்குச் சற்று மேல் ஏற்றலாம், மண் தரையிலும் இறங்கும். கையில் கொஞ்சம் முதல் உள்ளவர்களுக்கு விமானக் கம்பெனி எட்டக்கூடிய தொழிலாகத் தெரிந்தது. நிஜாம் அரசின் ரயில்வேயும் டாட்டாவும் சேர்ந்து டெக்கான் ஏர்வேஸை நடத்தின. பிஜு பட்நாயக்கின் கலிங்கா, சென்னையின் ஜூபிடர், பம்பாயின் அம்பிகா, கல்கத்தாவின் பாரத் ஏர்வேஸ் எனப் பெயர்கள் பெருகின.

1946இல் அமைந்த விமானப் போக்குவரத்து உரிம வாரியம் இவர்களுக்குத் தாராளமாகவே உரிமம் வழங்கியது. சந்தை சில கம்பெனிகளைத்தான் தாங்கும் என்று டாட்டா எச்சரித்தார், அது எடுபடவில்லை. வாரியத்தின் இந்தத் தாராளம்தான் பின்னால் வந்த துயரத்தின் முதல் காரணம் என்று சொல்லலாம். விமானம் வாங்குவது எளிதாக இருந்ததால், அதைப் பறக்கவைக்க ஆகும் செலவைப் பலர் குறைத்து எடைபோட்டனர். இருக்கை நிரம்பினாலும் காலியாகப் போனாலும் எரிபொருள், விமானி, பராமரிப்புச் செலவு ஒன்றே. எரிபொருள் இறக்குமதிச் சரக்கு. அதன்மேல் சுங்க வரி வேறு. உதிரி பாகம் வாங்க டாலர் வேண்டும். நாட்டிலோ அந்நியச் செலாவணிப் பஞ்சம். ஆள் நெரிசல் உள்ள தடங்கள் பழைய கம்பெனிகளின் கையில் இருக்க, புதியவர்களுக்கு வாய்த்தவை பயணிகள் குறைந்த தடங்கள்.

பயணிகளால் வராத வருமானம் வேறு வழிகளில் வந்தது. 1947இல் பிரிவினை அகதிகளை ஏற்றிவரவும், அக்டோபர் 27 முதல் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களைக் கொண்டுசெல்லவும் அரசு இவற்றின் டக்கோட்டாக்களையே நம்பியது. அஸ்ஸாமுக்கான ரயில் தொடர்பு அறுந்தபோது சரக்கும் வானில் போனது. ஆனால் இவை அவசர கால வேலைகள். நெருக்கடி தீர்ந்ததும் விமானங்கள் கொட்டகைக்குத் திரும்பின. தவணைக்கும் சம்பளத்துக்கும் வழியில்லை. 1949இல் அமைச்சர் ரபி அகமது கித்வாய் இரவு விமானத் தபால் சேவையைத் தொடங்கிவைத்தார். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னையிலிருந்து புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடும். பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். இரவில் பறக்கத் தேவையான வசதிகள் போதாது என டாட்டா எதிர்த்தார். முதலில் இந்தப் பணியை ஏற்ற இந்தியன் ஓவர்சீஸ் ஏர்லைன்ஸ் விரைவிலேயே விலகியது. அக்டோபரில் ஹிமாலயன் ஏவியேஷன் பொறுப்பேற்றது. ஜூபிடரும் அம்பிகாவும் அதற்குள் மூடப்பட்டிருந்தன.

எரிபொருள் வரியில் அரசு ஒரு பகுதியைத் திருப்பித் தந்ததும் போதவில்லை. 1950இல் ராஜாத்யக்ஷா குழு, கம்பெனிகள் தேவைக்கு மேல் உள்ளன, அவை இணைய வேண்டும் என்றது. தேசியமயத்தை உடனடியாகச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. இணைய யாரும் முன்வராததால் அரசு தேசியமயத்துக்கே போனது. 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டுக் கம்பெனிகளின் உள்நாட்டுச் சேவைகள் அரசின் இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் அடங்கின. அதன் கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டக்கோட்டாக்கள். இழப்பீட்டின் பெரும்பகுதி ரொக்கமாக அல்ல, பத்திரங்களாகவே கிடைத்தது. கால அட்டவணைச் சேவைகளை மட்டுமே தேசியமயச் சட்டம் அரசுக்கு ஒதுக்கியது. அதனால் ஜாம்ஏர் என்ற தனியார் கம்பெனி வட வங்கத் தேயிலைத் தோட்டங்களின் சிறு தளங்களுக்குப் பறந்து இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது.

தனியாருக்குக் கதவு மீண்டும் திறந்தது 1990களின் ஏர் டாக்ஸி திட்டத்தில். 1994இல் பழைய சட்டமும் நீங்கியது. ஈஸ்ட் வெஸ்ட், சென்னையின் என்இபிசி முதலியவை வந்தன. 1997க்குள் பெரும்பாலானவை ஓய்ந்துபோயின. எரிபொருள் மீது மாநிலங்கள் போட்ட விற்பனை வரி பழைய சுங்க வரியின் இடத்தைப் பிடித்திருந்தது. 2000களில் சிறு விமானங்களுக்கான எரிபொருள் விற்பனை வரி 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 80க்கும் குறைந்த இருக்கை உள்ளவற்றுக்குத் தரையிறங்கும் கட்டணமும் விலக்கப்பட்டது. இந்தச் சலுகைகளைக் கணக்கிட்டு 2005இல் மதுரையைச் சேர்ந்த பாரமவுண்ட் எம்ப்ரேயர் விமானங்களைப் பறக்கவிட்டது. விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களுடன் ஏற்பட்ட வழக்கில் சிக்கி 2010இல் அந்தச் சேவையும் நின்றது.