மாடு இழுத்த மூணாறு ரயில்

மூணாறு போகிறவர்கள் எல்லோரும் டாப் ஸ்டேஷன் வரை போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். மலை உச்சியில் எதற்கய்யா ஸ்டேஷன் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? நிஜமாகவே அது ரயில் ஸ்டேஷன்தான்.

1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். இஞ்சின் கிடையாது, வண்டியை இழுத்தது மாடு! நம்மவர்கள் பறித்த தேயிலை அதில் ஏறி டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். 1908-இல் மோனோரயிலை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி இஞ்சின் விட்டார்கள். 1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் அதை இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள்.

நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தைக் காட்டி நம் பிள்ளைகளுக்கு என்ன புரியவைப்பது? செய்து காட்டினால் புரியும்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் இது பழைய பைத்தியம். பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898-லேயே 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். வாரக்கடைசியில் ஷெட்டுக்குள் போய் லேத்தை ஓட்டும் தாத்தாக்களை இங்கே நிறையப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் நீராவி இஞ்சினில்தான் கை வைக்கிறார்கள். பாய்லர், சிலிண்டர், லேத் என்று செலவு எகிறி, பாதி இஞ்சின் பரணுக்குப் போய்விடும். மூணாறு போன வரிசையிலேயே நாமும் போவோம் என்பது என் கட்சி. முதலில் மாடு, பிறகு நீராவி :-)

மோனோரயில் வண்டிக்கு லேத் வேண்டாம். ஆக்ஸா பிளேடு, அரம், டிரில், வெர்னியர் போதும். பித்தளைப் பட்டை ஒன்றைக் குத்தாக நிறுத்தினால் தண்டவாளம். அதன்மேல் பள்ளம் வெட்டிய சிறு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பக்கவாட்டில் நீளும் அச்சில் ஒரு பெரிய சக்கரம், அது தரையில் ஓடும். யூவிங் முறை என்று பெயர். பாரத்தில் சுமார் 95 சதவீதம் தண்டவாளத்தின் மேல், மிச்சம்தான் பெரிய சக்கரத்தின் மேல்.

சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. தண்டவாளத்திலிருந்து பெரிய சக்கரம் 120 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், வண்டியின் ஈர்ப்பு மையம் அதே பக்கம் வெறும் 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரு கிலோ வண்டி என்றால், பெரிய சக்கரத்தின் அடியில் சமையலறைத் தராசை, தண்டவாளத்துக்குச் சரியான உயரத்தில் வைத்துப் பாருங்கள். 50 கிராம் காட்ட வேண்டும். மூட்டை கொஞ்சம் எதிர்ப் பக்கம் சரிந்தால் வண்டி குடை சாய்ந்துவிடும். மலைப்பாதையில், மழையில், மாட்டையும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து ஆட்கள் மூட்டை அடுக்கியது லேசான வேலையா என்ன?

இது ஓடிவிட்டால் 1908-க்குப் போகலாம். அடிக்குப் 16 மில்லிமீட்டர் என்று அளவு வைத்தால் இரண்டடிப் பாதை 32 மில்லிமீட்டர் ஆகிவிடும். அந்த அகலத்துக்குத் தண்டவாளமும் சக்கரமும் இங்கே கடையிலேயே கிடைக்கின்றன.

மோனோரயிலுக்கே இஞ்சின் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் டில்லி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1907-இல் தொடங்கிய பாட்டியாலா மோனோரயிலும் இதே யூவிங் முறைதான். அதன் இஞ்சின் ஒன்றைப் பழுதுபார்த்து அங்கே வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது டில்லி வழியாகப் போகிறவர்கள் அந்தப் பெரிய சக்கரத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.