பெற்றோர் ஆசிரியர் சங்கம்: ஒரு சிறு வரலாறு

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு வித்திட்டவர்கள் தாய்மார்கள்தான். ஆலிஸ் பிர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் இருவரும் அழைக்க, 1897 பிப்ரவரி 17 அன்று வாஷிங்டனில் சுமார் 2000 பேர் திரண்டனர். அப்போது பிறந்த 'தேசிய அன்னையர் பேரவை'யே பிறகு தந்தையரையும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு தேசிய சங்கமாக வளர்ந்தது.

ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. அவர்களின் பெற்றோருக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை. செலினா பட்லர் என்ற தாய் சும்மா இருக்கவில்லை. 1911ல் அட்லாண்டாவில் ஒரு பள்ளியில் தனிச் சங்கம் தொடங்கினார். 1926ல் கறுப்பினப் பெற்றோருக்கென ஒரு தேசிய அமைப்பே உருவாகிவிட்டது.

அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இரண்டு தேசிய சங்கங்களும் ஒன்றானது 1970ல்தான். பிள்ளைகள் சேர்ந்து படிக்கலாம் என்று தீர்ப்பு வந்தும், பெற்றோர் ஒரே சங்கத்தில் சேர மேலும் 16 வருடங்கள் ஆகியிருக்கிறது!