களிமண் காப்பும் உறைபனியும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

களிமண் நீரைத் தடுக்கும் என்பது மனிதன் பழங்காலத்திலேயே கண்டறிந்த உண்மையாகும். குளக்கரையை இறுக்கிய அவ்வனுபவமே, இருபதாம் நூற்றாண்டிற் கைத்தொழிற் கழிவைப் புதைப்பதற்கும் களிமண்ணை நாடச் செய்தது. அந்நம்பிக்கை குளிர்நாட்டில் எவ்வாறு சோதனைக்குள்ளாயிற்று என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில், 1890களில் வெட்டத் தொடங்கிக் கைவிடப்பட்ட லவ் கால்வாயில், 1942 முதல் 1953 வரை ஹூக்கர் நிறுவனம் ஏறக்குறைய 21,000 தொன் இரசாயனக் கழிவைப் புதைத்தது. சுற்றிலும் இயற்கைக் களிமண். மேலே களிமண் மூடி. 1953இல் அந்நிலம் ஒரு டொலருக்குக் கல்விச் சபையிடம் கைமாறியது. பாடசாலையும் வீடுகளும் எழுந்தன. கட்டட வேலைகள் களிமண் காப்பைச் சிதைத்தன. மழைநீரும் பனியுருகு நீரும் உள்ளிறங்க, கழிவு ததும்பி வீடுகளின் நிலக்கீழறைகளிற் கசிந்தது. 1978 ஆகஸ்ட் 7இல் ஜனாதிபதி காட்டர் அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

அங்கு காப்பைச் சிதைத்தது மனிதன் கையே. ஆயின் எவரும் தோண்டாத களிமண்ணாவது என்றும் காக்குமோ? இவ்வினாவுக்கான விடையின் வித்து, கழிவோடு தொடர்பற்ற ஓர் ஆய்விற் கிடந்தது. உறைபனிக் காலத்தில் நிலம் மேலெழுவதற்கு, நீர் உறையும்போது 9 வீதம் விரிவதே காரணம் எனக் கருதப்பட்டு வந்தது. தென் கரோலினாவின் புவிச்சரிதவியலாளர் ஸ்ரீபன் ரேபர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் இதனை மறுத்தார். உறையுங்காற் சுருங்கும் பென்சீனைப் பயன்படுத்தியபோதும் மண் மேலெழுந்தது. உறையும் பகுதி கீழுள்ள நீரை ஈர்த்துப் பனிக்கட்டிப் படைகளை வளர்ப்பதே காரணம் என அவர் நிறுவினார்.

இவ்வீர்ப்பினால் இடைப்பட்ட களிமண் வரண்டு சுருங்கிப் பிளக்கின்றது. பனி உருகிய பின்னரும் அப்பிளவுகள் எஞ்சுகின்றன. 1979இல் சேம்பர்லெயினும் கோவும் வியத்தகு முரணொன்றை வெளிப்படுத்தினர்: உறைந்துருகிய களிமண் முன்னிலும் நெருக்கமடைந்திருந்தும், நிலைக்குத்தாக நீரைப் புகவிடும் இயல்பு கூடியிருந்தது. 1990களில் விஸ்கொன்சினிற் பென்சனும் சகாக்களும் செய்த ஆய்வுகளில், இவ்வியல்பு பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை உயரக்கூடுமெனத் தெரியவந்தது. மாற்றத்தின் பெரும்பகுதி முதற் சில உறைவுகளிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. மாசுகலந்த நீருக்கு அப்பிளவுகளே வழியாகின்றன.

நகரக் கழிவுநிலங்களின் அடித்தளக் களிமண்ணில் நீர் ஊடுசெல்லும் அளவு விநாடிக்கு ஒரு சென்ரிமீற்றரின் கோடியில் ஒரு பங்கை விஞ்சலாகாது என அமெரிக்க விதி 1991இல் வகுத்தது. கட்டும் நாளில் நிறைவு செய்யப்படும் இவ்வளவை, மூடப்படாத களிமண் ஒரே குளிர்காலத்தில் இழந்துவிடலாம். எனவே உறைபனி எட்டாத ஆழத்திற் களிமண்ணைப் பேணுதல் இன்றியமையாததாகும்.

ரேபரின் உண்மை அரைநூற்றாண்டுக் காலம் வீதிப் பொறியியலாளரிடமே தங்கிவிட்டது. அறிவு இல்லாமையன்று, ஒரு துறையின் அறிவு மறுதுறையை எட்டாமையே இவ்வரலாறு உணர்த்தும் குறைபாடு எனலாம்.