ஒரு முதுகலைப் படிப்பின் முன்கதை

மைக்கேல் ஃபாரடே மேடையேறும்போது அவர் கண்ணில் படும்படி ‘மெதுவாக’ என்று எழுதிய ஓர் அட்டை இருக்கும். ஆர்வத்தில் அதை மறந்து வேகமெடுத்தால், உதவியாளர் ஆண்டர்சன் அதை முன்னால் நகர்த்தி வைப்பார். ஒரு மணி நேரம் முடியப்போகிறது என்றால் ‘நேரம்’ என்ற அட்டை வரும்.

புத்தகம் பைண்ட் செய்யும் கடையில் தொழில் பழகிய பையன் அவர். 1812இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். மறுவருடம் அங்கேயே வேலை கிடைத்தது. அந்த 1813இலேயே நண்பர் அபட்டுக்கு வரிசையாகக் கடிதங்கள் எழுதினார்: அரங்கம் எப்படி இருக்க வேண்டும், சோதனையை எப்படிக் காட்ட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏன் பேசக் கூடாது என்றெல்லாம். பிறகு உச்சரிப்புக்குத் தனியாகப் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். அறிவியல் தொடர்பியலுக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்த முன்னோடி ஃபாரடேதான் என்பேன். அதன் முதல் மாணவரும் அவரே.

அறிவியல் தொடர்பியல் என்ற இந்தப் படிப்பை நான் லண்டனில் படித்தது 2000களின் நடுவில். சவுத் கென்சிங்டனில் எக்ஸிபிஷன் ரோடு என்றொரு தெரு உண்டு. அறிவியல் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், இம்பீரியல் கல்லூரி எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு 60 லட்சம் பார்வையாளர்கள் வந்தார்கள். அதில் கிடைத்த லாபம் சுமார் 1,86,000 பவுண்டு. இந்த வட்டாரத்தின் நிலத்தை வாங்கியது அந்தப் பணம்தான். மக்களுக்கு அறிவியலைக் காட்டிச் சம்பாதித்த மண் என்று சொல்லலாம்.

அப்படியும், அறிவியலை எடுத்துச் சொல்வதைக் கல்லூரிப் பாடமாக்க நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. 1868இல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி நார்விச் நகரத் தொழிலாளர்களுக்கு ஒரு சுண்ணாம்புத் துண்டை வைத்தே பூமியின் வரலாற்றைச் சொன்னார். பேசத் தெரிந்தவர் பேசினார், அவ்வளவுதான்.

திருப்பம் 1985இல் வந்தது. மரபியலாளர் வால்டர் பாட்மர் தலைமையிலான குழு ராயல் சொசைட்டிக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. பொதுமக்களிடம் பேசுவது விஞ்ஞானிகளின் கடமை என்பது அதன் சாரம். 1989இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பூமி சூரியனை ஒரு வருடத்தில் சுற்றிவருகிறது என்பதைச் சரியாகச் சொன்னவர்கள் பிரிட்டனில் சுமார் மூன்றில் ஒருவர்தான் என்றது அது. படித்த வர்க்கம் பதறியது. மக்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் அறிவியலை நம்பவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டியது. அந்தச் சூட்டில்தான் 1991இல் இம்பீரியல் கல்லூரி அறிவியல் தொடர்பியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது.

எங்கள் வகுப்பின் முதல் மாதங்களும் அந்த நினைப்போடுதான் போயின. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்பை ஐம்பது சொல்லில் எழுத வேண்டும். நீராவி எஞ்சினை எழுதிக்கொண்டு போனால், நின்று படிப்பவருக்குக் கால் வலிக்கும் என்று ஆசிரியர் பாதியை அடிப்பார். நல்ல பயிற்சிதான். ஆனால் இந்தப் படிப்பு எதற்கு என்று எனக்கு விளங்கியது, கம்ப்ரியா ஆடுகளைப் பற்றி சமூகவியலாளர் பிரையன் வின் எழுதியதைப் படித்தபோது.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் கதிரியக்க சீசியம் மழையோடு வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் இறங்கியது. ஜூனில் ஆடு விற்பனைக்குத் தடை வந்தது. மூன்றே வாரம் என்றார்கள். மூன்று வாரம் கழித்து, காலவரையின்றி என்றார்கள். நிபுணர்களின் கணக்கு களிமண்ணுக்குப் போட்டது. களிமண் சீசியத்தைக் கவ்விக்கொள்ளும். மலை மேலே இருந்ததோ புளிப்பேறிய கரிமண். அதிலிருந்து சீசியம் புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும் திரும்பத் திரும்பப் போனது.

பிறகு பென்டோனைட் களிமண்ணைத் தூவி, ஆடுகளை வேலிக்குள் அடைத்து ஒரு சோதனை செய்தார்கள். திறந்த மலையில் மேய்ந்த ஆடு பட்டியில் அடைத்தால் இளைத்துப்போகும், கணக்கு தப்பும் என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அதே காரணத்தால் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. பிரிட்டனில் கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012இல்.

அறியாமை யார் பக்கம் இருந்தது? மண்ணை அறிந்தவர்களும் ஆட்டை அறிந்தவர்களும் ‘பொதுமக்கள்’ என்ற பட்டியலில் இருந்தார்கள்.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. மாடுகளுக்கு மூளை நோய் பரவிய 1990இல், மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்ட விவசாய அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களுக்கு முன் தன் சிறு மகளுக்கு பர்கர் கொடுத்தார். 1996 மார்ச்சில், மனிதர்களுக்கு வந்த புதுவகை நோய்க்கு அந்த இறைச்சியோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. மக்களுக்குப் புரியவைத்தால் நம்புவார்கள் என்ற கட்டடம் அன்றைக்குச் சரிந்தது. 2000இல் பிரபுக்கள் சபையின் குழு, ஒருவழிப் பேச்சு போதாது, உரையாடல் வேண்டும் என்று எழுதியது. பாடத்திட்டங்களும் அந்தப் பக்கம் திரும்பின.

நம் ஊரில் கதை வேறு வாசலில் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் பிறந்தது. 1987இல் பாரத் ஜன் விக்யான் ஜாத்தா என்ற மக்கள் அறிவியல் பயணம் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து பாட்டும் நாடகமுமாகக் கிளம்பிப் போபாலில் போய்ச் சேர்ந்தது. விஷவாயுவில் மக்கள் செத்த நகரத்தில் பயணத்தை முடித்தவர்களுக்கு, அறிவியலை அதிகாரத்திலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதை வகுப்பறை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் தேனி பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகப் பேச்சு எழுந்தபோது, கம்ப்ரியாவின் தவறையே இங்கும் பார்த்தேன். நியூட்ரினோ துகள் உடம்பைத் துளைத்தாலும் தீங்கில்லை என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஊர்க்காரர்களோ பாறைக்கு வைக்கும் வெடியையும் தண்ணீரையும் பற்றிக் கேட்டார்கள். கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்.

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். எழுத்து, வானொலி, காணொளிப் பயிற்சி எல்லா இடத்திலும் இருக்கும். அறிவியலின் வரலாறும் அரசியலும், மக்களிடம் போய் உட்கார்ந்து கேட்கும் களப்பணியும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கடன் வாங்கியாவது சேருங்கள். இல்லையென்றால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல கேமரா வாங்கிக்கொள்வது லாபம்.